கொட்டடியும் தொட்டிலும்: நைபாலின் மொரீஷியஸை இன்று வாசிப்பது

வி.எஸ். நைபால் 1972இல் மொரீஷியஸ் தீவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 'தி ஓவர்கிரவுடட் பராக்கூன்' என்பது தலைப்பு. பராக்கூன் என்றால் கப்பல் வரும்வரை அடிமைகளை அடைத்து வைக்கும் கொட்டடி. ஆள் நிரம்பி மூச்சு முட்டும் கொட்டடி என்று ஒரு நாட்டுக்கே பெயர் வைத்துவிட்டார் மனிதர். அந்த நாடு சுதந்திரம் வாங்கி அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு வந்த தன் கட்டுரைத் தொகுப்புக்கும் அதையே தலைப்பாக்கினார்.

இன்று அதை எடுத்துப் படித்தால் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் தெரிகிறது. உரைநடையின் கூர் கொஞ்சமும் மழுங்கவில்லை. ஆனால் அந்தத் தீவுக்கு அவர் கண்ட எதிர்காலம் நடக்கவே இல்லை. 'அதனாலென்ன, எழுத்தாளன் என்ன ஜோசியக்காரனா?' என்று கேட்டுவிட்டுக் கடந்து போகலாம். அப்படி லேசில் விட முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. நைபால் தீவைச் சுற்றிப் பார்த்த காலத்திலேயே அவருடைய தலைப்பைப் பொய்யாக்கும் காரியம் அங்கே பெருமளவு நடந்து முடிந்திருந்தது. பத்தே வருடத்தில் மொரீஷியஸ் பெண்கள் தாங்கள் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அதுவரை உலகில் மிகச் சில நாடுகளே கண்டிருந்த வேகம் அது. அந்த மாற்றத்தின் நடுவே நடந்து போன ஒரு கூர்மையான கண்ணுக்கு, ஏன் அது கதையாகத் தெரியவில்லை? இந்தக் கேள்வி நைபாலோடு முடிவதில்லை. மக்கள்தொகை என்ற விஷயத்தை நாம் எழுதும் விதம் முழுவதையும் இது தொடுகிறது.

பங்காளி வீட்டுக்கு வந்தவர்

முதலில் நியாயமாக வாசிப்போம். நைபால் மொரீஷியஸுக்கு முழு வெளியாள் இல்லை. டிரினிடாடுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர். மொரீஷியஸ் அவருக்கு ஒருவகையில் பங்காளி வீடு. அதே கரும்பு, அதே ஒப்பந்தக் காகிதம், அதே கப்பல் கணக்கு. அதனால் தீவின் அமைப்பு அவருக்குச் சட்டென்று பிடிபடுகிறது. மனிதரே இல்லாத இடத்தில் பேரரசு தன் தேவைக்காகக் கட்டிய தோட்டம் இது. ஒரு பெரிய இயந்திரத்தின் உறுப்பாக இருப்பதற்கென்றே உண்டாக்கப்பட்டது. இயந்திரம் போன பிறகு, சுதந்திரம் என்ற பெயரில் கடலில் அவிழ்த்து விடப்பட்டது. பொருளாதாரமோ பண்பாடோ தன் காலில் நிற்க வழியில்லை. அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்.

இதன் முதல் பாதியில் குறை சொல்ல முடியாது. மொரீஷியஸுக்கு ஆதிக்குடிகள் கிடையாது. டச்சுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போனதும் பிரெஞ்சு ஆட்சியில்தான். 1810இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே இறங்கினார்கள். அவர்களைப் பதிவு செய்த போர்ட் லூயி துறைமுகக் கட்டடம் 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

இப்போது கட்டுரையின் உடம்பைப் பார்ப்போம். அதில் நிறைந்திருப்பவர்கள் வேலையில்லாத இளைஞர்கள். எப்படியாவது கப்பலோ விமானமோ ஏறிவிட வேண்டும் என்று வழி தேடுகிறவர்கள். பிறகு அரசியல்வாதிகள், அவர்களுடைய மேடைகள், 1971இன் வேலைநிறுத்தங்களும் அவசரநிலையும் விட்டுச்சென்ற இறுக்கம். சலித்துப்போன ஆண்கள் தெருவில் நிற்பதை நைபால் எழுதினால் அந்தச் சலிப்பு நம் மேலும் படியும். அந்தத் திறமை அவருக்கு எப்போதும் உண்டு. ஆனால் கவனியுங்கள். நெரிசலைப் பற்றிய ஒரு கட்டுரையில் அந்த நெரிசல் எந்த வீட்டில், யார் முடிவில் உண்டாகிறதோ அந்த இடம் கதைக்களமாக வரவில்லை. மக்கள்தொகை அங்கே வானிலை மாதிரி. வந்து கவிகிறது, யாரும் எதுவும் செய்ய முடியாது.

விகிதமாக வந்த பெண்

மொரீஷியஸ் வரலாற்றில் பெண் முதலில் ஒரு விகிதமாகத்தான் வருகிறாள். தொடக்கக் காலக் கப்பல்களில் ஆண்களே அதிகம். தோட்டத்துக்குத் தேவை கரும்பு வெட்டும் கை, குடும்பம் அல்ல. பிறகு இத்தனை ஆணுக்கு இத்தனை பெண் இருந்தாக வேண்டும் என்று காலனிய அரசு விதி போட்டது. பெண்களுக்காகப் போட்ட விதி என்று சொல்லிக்கொள்ளலாம். நிலையான உழைப்பாளர் கூட்டம் ஒன்று தீவிலேயே பிறந்து வளர வேண்டும் என்பதும் அதற்குள் இருந்த கணக்கு.

ஆனாலும் தீவின் தொகை நெடுங்காலம் ஏறவில்லை. 1881இல் சுமார் 3.6 லட்சம். 1944இல் சுமார் 4.2 லட்சம். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் இவ்வளவுதான் கூடியிருக்கிறது. பெண்கள் குறைவாகப் பெற்றார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பிறந்தவர்கள் தங்கவில்லை. 1860களின் நடுவில் மலேரியா கொள்ளைநோயாக வந்து பல பத்தாயிரம் பேரை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அது தீவை விட்டுப் போகவே இல்லை. பல பிள்ளை பெற்றுச் சில பிள்ளை மிஞ்சும் வாழ்க்கை. இதை எந்த அறிக்கையும் 'பிரச்சினை' என்று பெரிதாக அலறவில்லை, கவனித்தீர்களா? கரும்பு வெட்ட ஆள் இருக்கும்வரை அது பிரச்சினை இல்லை.

1940களின் கடைசியில் டிடிடி தெளித்து மலேரியாவை ஒடுக்கினார்கள். மரணம் சட்டெனக் குறைந்தது. குழந்தைகள் பிழைத்தன. 1952இல் சுமார் 5 லட்சம், 1962இல் 6.8 லட்சத்துக்கு மேல். ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி என்றால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வருடத்தில் தொகை இரட்டிப்பாகும். சுமார் 1,865 சதுர கிலோமீட்டர் தீவு. பாதி நிலம் கரும்பு. பயம் வந்தது.

பயத்தை எழுதி வைக்க இங்கிலாந்திலிருந்து ஆள் வந்தார்கள். சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸும் பிரையன் ஏபெல்-ஸ்மித்தும் ஓர் அறிக்கை தந்தார்கள். பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழு இன்னொன்று. இரண்டும் 1960-61 காலகட்டத்தவை. மீட் தன் பங்குக்கு மொரீஷியஸை மால்தஸ் கோட்பாட்டுக்கு ஓர் உதாரணம் என்றே ஆய்வுக் கட்டுரைத் தலைப்பில் போட்டார். இந்தப் பெருக்கத்தோடு அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்பு குறைவு என்பது அவருடைய முடிவு. இவருக்கு 1977இல் பொருளியல் நோபல். நைபாலுக்கு 2001இல் இலக்கிய நோபல். ஒரு சின்னத் தீவைப் பற்றித் தவறாகக் கணிக்க இரண்டு நோபல்காரர்கள்!

கிண்டலாகச் சொன்னாலும் அறிக்கைகளைக் குப்பை என்று தள்ள முடியாது. டிட்மஸ் குழு வெறுமனே பயமுறுத்தவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்க்கச் சொன்னது. நலத்திட்டங்களைச் சிறிய குடும்பத்துக்குச் சாதகமாக அமைக்கச் சொன்னது. அது செயலுக்கான ஆவணம். 'இது நடக்கும், நீங்கள் ஏதாவது செய்யாவிட்டால்' என்பது அதன் வாக்கிய அமைப்பு. நைபாலிடம் இரண்டாவது பாதி இல்லை. நிபந்தனையாகச் சொல்லப்பட்ட ஒரு பயம் பத்து வருடம் கழித்து இலக்கியத்தில் விதியாக மாறிவிட்டது. கொட்டடி என்ற உருவகம் செய்த வேலை அது. கொட்டடிக்கு உள்ளேயிருந்து திறக்கும் கதவு கிடையாது.

இல்லாத ஒரு பெண்

மக்கள்தொகையியலில் 'மொத்தக் கருவள விகிதம்' என்று ஓர் எண் உண்டு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்று செய்தித்தாள்கள் எழுதுவது இதைத்தான். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் இலக்கிய வாசகர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். இந்த வருடம் இருபது வயதுக்காரிகள் எவ்வளவு பெற்றார்கள், இருபத்தைந்து வயதுக்காரிகள் எவ்வளவு, நாற்பது வயதுக்காரிகள் எவ்வளவு என்று வயது வயதாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரே ஒரு பெண் இந்த ஒரு வருடத்துக்குள்ளேயே பதினைந்திலிருந்து ஐம்பது வயதுவரை வாழ்ந்து முடிப்பதாகக் கற்பனை செய்கிறார்கள். அவள் பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகளின் கூட்டுத்தொகைதான் அந்த எண்.

அதாவது அவள் ஒரு புனைவுப் பாத்திரம். எந்த ஊரிலும் இல்லாதவள். ஆனால் ஒரு நாட்டின் எல்லாப் பெண்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் செய்யப்பட்டவள்.

1960களின் தொடக்கத்தில் மொரீஷியஸின் இந்தப் புனைவுப் பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு பிள்ளைகள். 1972இல் 3.4. நைபாலின் கட்டுரை வந்த அதே 1972தான்.

நடுவில் என்ன நடந்தது? ஒற்றைக் காரணம் கிடையாது. பெண் குழந்தைகள் ஏற்கெனவே ஆரம்பப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாண வயது தள்ளிப்போனது. தங்கள் அம்மா பதினாறில் தாலி கட்டிக்கொண்டதைப் பார்த்த பெண்கள் இருபதுக்குப் பிறகு கட்டிக்கொண்டார்கள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. ஒருவேளை இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. 1960இல் அடுத்தடுத்து வந்த அலிக்ஸ், கரோல் புயல்கள் ஏராளமான வீடுகளைத் தரைமட்டமாக்கின. சர்க்கரைத் தோட்டங்களில் புதிய வேலை இல்லை. இன்னொரு வயிற்றுக்கு எங்கே போவது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் இருந்தது.

அப்புறம் அந்தச் சமரசம். இதைத்தான் நான் இந்தக் கதையின் மிக அழகான பகுதி என்பேன். குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1957இலேயே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. பல சமூகங்கள் வாழும் தீவில், தேர்தலும் சுதந்திரமும் நெருங்கும் நேரத்தில், 'அவர்கள் பெற்றுத் தள்ளுகிறார்கள், நம்மைக் குறைக்கச் சொல்கிறார்கள்' என்ற சந்தேகம் எல்லாத் திசையிலும் சுலபமாகக் கிளம்பக்கூடியது. 1963இல் கத்தோலிக்கர்கள் 'ஆக்சியோன் ஃபாமிலியால்' என்ற தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். மாத்திரை, சாதனம் எதுவும் இல்லாமல் உடல் வெப்பத்தைக் குறித்துவைத்துக் காலம் கணிக்கும் முறையைச் சொல்லித்தந்தார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தது. உனக்கு மாத்திரை வேண்டுமா, அங்கே போ. தெர்மாமீட்டர் வேண்டுமா, இங்கே போ. சித்தாந்தச் சண்டை சட்டசபையில் நடந்தது. பெண்கள் தங்களுக்கு எது தோதோ அந்தக் கதவைத் தட்டினார்கள். சரிவு எல்லாச் சமூகங்களையும் தொட்டது.

இந்தக் கோட்டுக்குள் இருட்டும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு அரசாங்கக் கையேடு எழுதினதாகிவிடும். கருக்கலைப்பு அங்கே 19ஆம் நூற்றாண்டுச் சட்டத்தின் கீழ் குற்றமாகவே நீடித்தது. 2012இல்தான் சில குறிப்பிட்ட சூழ்நிலைகளில் அனுமதிக்கும் திருத்தம் வந்தது. அதுவரை ரகசியமாகச் செய்துகொண்டு ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்த பெண்கள் உண்டு. வராமலே போனவர்களும் உண்டு. 1976இல் உருவான 'மூவ்மான் லிபெராசியோன் ஃபாம்' என்ற பெண்கள் அமைப்பு பல பத்தாண்டுகள் இதற்காகப் போராடியது. ஆறிலிருந்து 3.4க்கு இறங்கும் அந்தக் கோட்டைச் சாதனை என்று கொண்டாடுகிறவர்கள் அது சிலருடைய உடம்பின் மேல் இறங்கிய கோடு என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் தெரிவது எந்த வருடம்?

இப்போது நைபாலுக்குத் திரும்புவோம். 1972இல் போர்ட் லூயி தெருவில் வேலையில்லாமல் நிற்கும் இருபது வயது இளைஞன் 1952இல் பிறந்தவன். மலேரியா ஒழிந்து, குழந்தைகள் பிழைக்கத் தொடங்கி, ஆனால் குடும்பங்கள் இன்னும் பழைய கணக்கிலேயே பெற்றுக்கொண்டிருந்த வருடங்களின் பிள்ளை. தெருவில் நாம் பார்க்கும் கூட்டம் எப்போதும் இருபது வருடத்துக்கு முந்தைய தொட்டில்கள்தான். 1972இன் தொட்டில்களைப் பார்க்க வேண்டுமானால் தெருவை விட்டு வீட்டுக்குள் போயிருக்க வேண்டும்.

நைபாலின் பயண எழுத்தின் பலமும் பலவீனமும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. அவர் கண்ணால் கண்டதை நம்புகிறவர். கோட்பாட்டைவிட ஒரு முகத்தை, ஒரு பேச்சை, ஒரு அறையின் வாசனையை நம்புகிறவர். பெரும்பாலும் அது சரியான முறை. ஆனால் கண்ணால் காண்பதற்கு ஒரு கால தாமதம் உண்டு என்று இந்த முறைக்குத் தெரியாது. நட்சத்திரத்தைப் பார்ப்பது மாதிரி. அங்கே எரிவது பழைய வெளிச்சம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பெண் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு நிறுத்திக்கொள்வது காட்சியே இல்லாத செயல். கூட்டம் கூடாது, கோஷம் இருக்காது, பேட்டி கொடுக்க ஆள் வராது. நடந்ததல்ல, நடக்காமல் போனதுதான் நிகழ்ச்சி. பயண எழுத்தாளன் பிறக்காத குழந்தையை எப்படிப் பார்ப்பான்? நாவலாசிரியனால் முடியும். நைபால் இரண்டுமாக இருந்தவர் என்பதால்தான் நமக்கு இந்த எதிர்பார்ப்பே வருகிறது.

அவர் சொன்னதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. கிளம்பிப் போக வேண்டும் என்ற தவிப்பு நிஜம். ஏராளமானவர்கள் போனார்கள். பிரிட்டனின் மருத்துவமனைகளுக்கு நர்ஸ் பயிற்சிக்குப் போன மொரீஷியஸ்காரர்களில் பெண்களும் உண்டு. தவிப்பை அவர் சரியாகக் கேட்டார். அதை விதி என்று எழுதியதில்தான் வழுக்கினார்.

'அதிசயம்' என்ற இன்னொரு கதை

நைபாலை மறுக்க வருகிறவர்கள் வழக்கமாக நீட்டும் கதை ஒன்று உண்டு. 1970 டிசம்பரில் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. 1990 வாக்கில் வேலையின்மை போய், வேலைக்கு ஆள் கிடைக்காத நிலை. ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 2011இல் 'மொரீஷியஸ் அதிசயம்' என்று எழுதினார். கவனியுங்கள், இவரும் நோபல்காரர்தான். ஆக கொட்டடி பொய், அதிசயம் மெய் என்று முடித்துவிடலாமா?

முடியாது. தேதிகளைப் பாருங்கள். தொழிற்சாலைகள் ஊன்றுவதற்கு முன்பே கருவளச் சரிவின் செங்குத்தான பகுதி முடிந்துவிட்டது. 'வளர்ச்சி வந்தது, அதனால் குடும்பம் சிறுத்தது' என்ற பாடப்புத்தக வரிசை இங்கே தலைகீழ். குடும்பம் சிறுத்ததால்தான் இளம் பெண்கள் தையல் இயந்திரத்தின் முன்னால் வந்து உட்கார முடிந்தது. தொடக்கத்தில் அந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய குறைந்தபட்சக் கூலி ஆண்களுடையதைவிடக் குறைவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. மண்டலத்துக்குள் தொழிலாளர் சட்டங்கள் தளர்த்தப்பட்டிருந்தன. அதிசயத்தின் விலைச்சீட்டு அது.

கொட்டடிக் கதையில் பெண் காணாமல் போகிறாள். அதிசயக் கதையில் அவள் மலிவான கையாக வருகிறாள். இரண்டு கதையிலும் முடிவெடுத்த ஆள் அவள்தான் என்பது மட்டும் வருவதில்லை. 1980களின் நடுவில் அந்தப் புனைவுப் பெண்ணின் எண் இரண்டை ஒட்டி வந்துவிட்டது.

மறுக்கிறவளின் நாவல்

அப்படியானால் மொரீஷியஸின் சொந்த இலக்கியம் இதை எழுதியதா? நமக்கு ஒப்பந்தக் கூலிப் பெண் தமிழில் எப்படி அறிமுகம்? பாரதியின் ஃபிஜிக் கரும்புத் தோட்டப் பாட்டு வழியாக, அழுகிறவளாக. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அவளுடைய பேத்தி என்ன ஆனாள் என்ற கேள்வியோடு நாம் மொரீஷியஸுக்குப் போகவில்லை.

ஆனந்தா தேவியிடம் அந்தப் பேத்தி இருக்கிறாள். பிரெஞ்சில் எழுதுகிறவர், 1957இல் பிறந்தவர். அவருடைய 'பக்லி' 2001இல் வந்தது. பக்லி என்றால் பைத்தியக்காரி. சிறுமியாக இருக்கும்போது தன்னைச் சிதைத்த உறவுக்காரனுக்கே கட்டிவைக்கப்படும் ஒருத்தி, அவனுக்குப் பிள்ளை பெறுவதில்லை என்று தீர்மானிக்கிறாள். அவளைச் சுற்றி நின்று கண்காணிக்கும் பெண்கள் கூட்டத்துக்கு நாவலில் 'மோஃபின்' என்று பெயர். கற்பு, சாதி, குலம், வம்சம் எல்லாவற்றுக்கும் காவல் நிற்கும் மாமியார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அவர்களை நன்றாகத் தெரியும். அவளோ ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து வந்த ஒரு கிரியோல் மீனவனைக் காதலிக்கிறாள். கருப்பை எந்தச் சமூகத்தின் சொத்து என்ற கேள்வியை இவ்வளவு நேராக வைத்த நாவல்கள் குறைவு.

2006இல் வந்த 'ஈவ் டெ சே டெகோம்ப்ர்' இன்னும் இருண்டது. போர்ட் லூயியின் ஓரத்தில் கற்பனையான ஒரு குடியிருப்பு, நான்கு பதின்பருவத்தினரின் குரல்கள். அங்கே தொழிற்சாலை மூடப்பட்டுப் பெண்கள் வேலை இழந்திருக்கிறார்கள். 2005இல் சர்வதேச ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்து மொரீஷியஸின் ஆடைத் தொழில் ஆட்டம் கண்ட காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நாவல். அதிசயத்தின் பின்வாசல் அது. லின்ட்சி காலனின் 'தி ரேப் ஆஃப் சீதா' 1993இல் வந்தபோது மத அமைப்புகளின் எதிர்ப்பால் தடைக்கு ஆளானது. மறுத்துப் பேசும் பெண்ணின் மேல் அந்தத் தீவுக்கு இருந்த பதற்றத்துக்கு அதுவும் ஒரு சாட்சி.

இவர்கள் முக்கியமானவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குறை எனக்குத் தோன்றுகிறது, சொல்லிவிடுகிறேன். தேவியின் பெண்கள் எல்லாம் உச்சத்தில் நிற்பவர்கள். பைத்தியம் என்று பட்டம் கட்டப்பட்டவர்கள், உடம்பையே ஆயுதமாக்கியவர்கள். வரலாற்றை மாற்றியவளோ அப்படிப்பட்டவள் இல்லை. அவள் சாதாரணமானவள். சனிக்கிழமை கிளினிக்குக்குப் போனாள், கணவனிடம் பாதி சொன்னாள் பாதி சொல்லவில்லை, மாமியாரிடம் எதுவுமே சொல்லவில்லை, திரும்பி வரும் வழியில் காய்கறி வாங்கிவந்தாள். இப்படிப் பல்லாயிரம் பெண்கள். கொந்தளிப்பை எழுத நம் நவீன இலக்கியத்துக்குத் தெரியும். சத்தமில்லாத தீர்மானத்தை எழுத இன்னும் அவ்வளவாகத் தெரியவில்லை. மொரீஷியஸ் இலக்கியத்துக்கு மட்டுமான குறை இல்லை இது.

உறைந்துபோன 1972

எண்ணிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு, யார் எத்தனை பேர் என்பது. மொரீஷியஸ் அரசமைப்பு மக்களை நான்கு சமூகங்களாகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியர், 'பொது மக்கள்'. தேர்தலில் இடம் குறைந்துபோன சமூகங்களுக்கு, தோற்றவர்களில் நன்றாக வாக்கு வாங்கியவர்களைக் கொண்டு எட்டு இடம்வரை நிரப்பும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இதற்கான கணக்கு எந்தக் கணக்கெடுப்பிலிருந்து? 1972. அதற்குப் பிறகு கணக்கெடுப்பில் சமூகம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் இந்த முறையைக் குறைகூறியது. 1971 கணக்கில் உறைந்த தொகுதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1998இல் புதிய ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த வரிசை ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மாறியபோது மொரீஷியஸ் தமிழர்கள் கொதித்தார்கள். நாங்கள்தான் முதலில் வந்தவர்கள் என்பது அவர்கள் வாதம். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. இன்று தமிழ் எண்களை அந்த நோட்டில் படம் பிடித்துப் பகிர்ந்து பெருமைப்படுகிறோம், சரி. ஆனால் எண்ணிக்கை பெரிதா, வந்த வரிசை பெரிதா என்ற பழைய சண்டை அந்தக் காகிதத்தில் ஒட்டியிருக்கிறது. இப்படி எல்லாரும் தலை எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், தலைகளைக் கூட்டித் தர வேண்டிய பெண்கள் எந்தச் சமூகத்தின் அழைப்பையும் பொருட்படுத்தாமல் குறைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பயம் திரும்பி நிற்கிறது

இன்று மொரீஷியஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 லட்சம். கருவள விகிதம் ஒன்றரைக்கும் கீழே. மூச்சு முட்டும் என்று சொல்லப்பட்ட தீவு, தன் தொழிற்சாலைகளுக்கு பங்களாதேஷிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஆள் எடுக்கிறது. முதியோர் ஓய்வூதியம் அறுபது வயதில் எல்லாருக்கும் என்பது அங்கே நெடுநாள் மரபு. 2025 பட்ஜெட்டில் அந்த வயதைப் படிப்படியாக 65க்கு உயர்த்தப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அறிவித்த பிரதமர் நவீன் ராம்கூலம். அதிகமாகப் பிறக்கிறார்களே என்று தீவு பயந்த காலத்தில் அதை ஆண்டவர் அவருடைய தந்தை சிவசாகர் ராம்கூலம். ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைக்குள் பயம் திசை மாறிவிட்டது.

பயத்தின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. அன்று 'இப்படியே பெற்றால் என்ன ஆகும்', இன்று 'இப்படியே பெறாவிட்டால் என்ன ஆகும்'. இரண்டு வாக்கியத்திலும் எழுவாய் மறைந்திருக்கிறது. யார் பெறுகிறார்கள், யார் பெறவில்லை என்பதைச் சொல்லாமலே பேசிவிடலாம், தமிழ் அதற்கு வசதியான மொழி. எழுதுகிறவர்கள் அந்த வசதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்று சில தீவுகளைப் பற்றியும், நாடுகளைப் பற்றியும் 'அழிந்துவரும் இனம்' என்கிற தொனியில் எழுதப்படும் கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் நைபாலின் தலைப்பு எனக்கு ஞாபகம் வருகிறது. அவையும் தெருவைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன. காலி பள்ளிக்கூடம், பூட்டிய வீடு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவர். பார்த்தது பொய்யில்லை. ஆனால் அதுவும் பழைய வெளிச்சம். இந்த வருடம் அந்த வீடுகளுக்குள் என்ன தீர்மானம் ஆகிறது என்பது அதில் தெரியாது.

நைபாலைப் படிக்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. கட்டாயம் படியுங்கள். ஒரு மகத்தான உரைநடைக்காரன் ஒரு உருவகத்துக்குள் மாட்டிக்கொள்வதை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு வேலையில்லாத இளைஞனுக்கும் ஒரு அக்காவோ தங்கையோ இருந்திருப்பாள். அன்று அவளுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. அவளிடம் நைபால் என்ன கேட்டிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். அவள் பதில் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். ஆனால் தீவின் அடுத்த இருபது வருடம் எப்படி இருக்கும் என்பதில் பெரும்பகுதி அவளுக்குத் தெரிந்திருந்தது.